ஆர்க்கைவ், பயோஆர்க்கைவ், மெட்ஆர்க்கைவ்: மூன்று இலவச ஆய்வுத் தளங்களைப் பற்றி ஒரு கணித ஆசிரியரின் மதிப்பீடு

தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றின் சுயநிதிக் கல்லூரியில் பதினெட்டு ஆண்டுகளாகக் கணிதம் கற்பித்து வருகிறேன். முதுகலை மாணவி ஒருவரின் திட்டக்கட்டுரைக்காக நான்கே பக்கமுள்ள ஆய்வுக்கட்டுரை ஒன்றைத் தேடிப் போனபோது, அதை வெளியிட்ட பதிப்பகம் நாற்பது டாலர் கேட்டது. அந்த மாணவியின் ஒரு மாத விடுதிச் சாப்பாட்டுச் செலவை விட அது அதிகம். ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளைத் தாங்களே இலவசமாக ஏற்றி வைக்கும் ஆர்க்கைவ் தளத்தில் அதே தலைப்பை இட்டுப் பார்த்தேன். ஆசிரியரே ஏற்றி வைத்திருந்த படி, பணமும் கேட்காமல், பெயரும் கடவுச்சொல்லும் கேட்காமல், அரை நிமிடத்தில் இறங்கியது. அன்று தொடங்கிய பழக்கம் இன்றுவரை விடவில்லை. கணிதத்துக்காகப் போனவன் நாளடைவில் இயற்பியல், உயிரியல், மருத்துவம் என்று பக்கத்து வீடுகளையும் எட்டிப் பார்க்கத் தொடங்கினேன். அந்த அனுபவத்தைக் கொண்டு இத்தளங்கள் எதற்கு உதவும், எங்கே கவனம் வேண்டும் என்பதை எழுதுகிறேன்.

இப்போது எல்லாருக்கும் ஆய்விதழ்கள் இலவசமாகக் கிடைக்கின்றனவே, இனி இவை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் மனத்தில் இருப்பது ‘ஒரே நாடு, ஒரே சந்தா’ திட்டம். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த அத்திட்டத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கென 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் அதில் அடங்கும். நல்ல திட்டம்தான், ஆனால் அது மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கானது. எங்களைப் போன்ற சுயநிதிக் கல்லூரிகள் வாசலுக்கு வெளியேதான் நிற்கின்றன. அதனால் எங்களுக்கு ஆர்க்கைவ் இன்னமும் ஆடம்பரமன்று, அன்றாடத் தேவை.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. arXiv என்று எழுத்தில் பார்க்கும்போது நடுவே ஆங்கில எக்ஸ் நிற்பதாகத் தோன்றும். அது உண்மையில் ‘கை’ என்னும் கிரேக்க எழுத்து, ஆகவே ஆர்க்கைவ் என்றே படிக்க வேண்டும். 1991 ஆகஸ்டில் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் தேசிய ஆய்வகத்தில் பால் கின்ஸ்பார்க் என்னும் இயற்பியலாளர் இதைத் தொடங்கியபோது, கோட்பாட்டு இயற்பியலாளர்கள் சிலர் அச்சுக்குப் போகும் முன்பே தங்கள் கட்டுரைகளை மின்னஞ்சல் வழியே பகிர்ந்துகொள்வதற்கான ஏற்பாடாகவே அது இருந்தது. 2001இல் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு இடம்பெயர்ந்தது. இணைய வேகம் ஆமை நடை போட்ட அந்த நாட்களில் நம் சென்னைத் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் இதன் இந்தியப் பிரதியைத் தன் கணினியில் வைத்து நடத்தி வந்தது என்பது இன்றைய மாணவர்களுக்குத் தெரியாது. அக்காலத்து முகவரி மூன்று எக்ஸ்களில் தொடங்கும். பக்கத்து இருக்கைக்காரர் என்ன நினைப்பாரோ என்று கூச்சப்பட்டுக்கொண்டே பிரவுசிங் சென்டரில் அதைத் தட்டச்சிட்டவர்களில் நானும் ஒருவன்.

இயற்பியல், கணிதம், கணினியியல், புள்ளியியல், அளவுசார் உயிரியல், அளவுசார் நிதியியல், மின்பொறியியல், பொருளியல் என எட்டுத் துறைகள் இன்று ஆர்க்கைவில் உள்ளன. கணிதம் மட்டுமே 32 உட்பிரிவுகளாகப் பிரிந்து நிற்கிறது. உயிரியல் முழுமைக்குமெனப் பயோஆர்க்கைவ் 2013 நவம்பரிலும், மருத்துவத்துக்கென மெட்ஆர்க்கைவ் 2019 ஜூனிலும் வந்தன. பெயர் ஒத்திருப்பதால் மூன்றும் ஒரே நிறுவனம் என்று எண்ணிவிடக் கூடாது. பின்னிரண்டும் நியூயார்க் அருகேயுள்ள கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் பிறந்தவை, 2025 முதல் தனியொரு இலாபநோக்கற்ற அமைப்பின் கீழ் இயங்குபவை. மூன்றுக்கும் பொதுவானது ஒன்றே: இங்குள்ளவை சக ஆய்வாளர் மதிப்பீட்டைக் கடந்தவை என்று கொள்ள முடியாத முன்அச்சுப் படிகள். ஆர்க்கைவில் கட்டுரையைப் பார்க்கும் நெறியாளர், அது ஆய்வுக்கட்டுரையின் இலக்கணத்தில் இருக்கிறதா, உரிய பிரிவில் இடப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பாரே தவிர, தேற்றம் சரியா தவறா என்று பார்க்க மாட்டார். இதை மறந்துவிட்டுப் படிப்பவருக்கு இந்தத் தளங்களைப் பரிந்துரைக்கவே மாட்டேன்.

அன்றாடப் பயன்பாட்டுக்கு வருகிறேன். ஆர்க்கைவின் புதிய பட்டியல் அமெரிக்கக் கிழக்கு நேரப்படி இரவு எட்டு மணிக்கு வெளியாகிறது. நமக்கு அது திங்கள் முதல் வெள்ளி வரை விடியற்காலை ஐந்தரை மணி, அங்கே குளிர்காலமென்றால் ஆறரை. பால் பாக்கெட் வரும் நேரத்தில் உலகத்தின் புதிய தேற்றங்களும் வந்துவிடுகின்றன. அந்தப் பட்டியலில் இடம்பெற வேண்டிய கட்டுரைகளை ஏற்றுவதற்கான கெடு அங்கே பிற்பகல் இரண்டு மணி. அந்த மணியடித்த மறுநொடியில் ஏற்றினால் மறுநாள் பட்டியலின் தலையில் இடம் கிடைக்கும் என்பதற்காக விரலைப் பொத்தானில் வைத்துக் காத்திருக்கும் பேராசிரியர்கள் உண்டு. முதல் நாள் முதல் காட்சிக்கு வரிசையில் நிற்பது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமன்று.

இந்தப் பட்டியல்களை ஓராண்டு தொடர்ந்து பார்த்தால், எல்லாவற்றையும் ‘ஆராய்ச்சி’ என்று ஒரே சொல்லால் சுட்டுவது எவ்வளவு பொருத்தமற்றது என்பது விளங்கும். கணிதக் கட்டுரையில் பெரும்பாலும் ஒருவர், இருவர், மிஞ்சினால் நால்வர். பெயர்கள் அகர வரிசையில் இருக்கும், யார் அதிகம் உழைத்தார் என்று யாரும் கேட்பதில்லை. உயிரியலில் முதற்பெயர் ஆய்வகத்தில் கைப்பட உழைத்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வகத்தின் தலைவருடையது; இடைப்பட்ட பெயர்களின் வரிசைக்குப் பின்னால் எத்தனை மனத்தாங்கல் இருக்கும் என்பதை நம் கல்யாணப் பத்திரிகை அடித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. துகள் இயற்பியலோ வேறு உலகம். ஹிக்ஸ் போசான் என்னும் அடிப்படைத் துகளின் நிறையை அளந்து 2015இல் ஏற்றப்பட்ட கட்டுரைக்கு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள். மொத்தம் 33 பக்கங்களில் ஆய்வு ஒன்பது பக்கம், மீதி 24 பக்கமும் பெயர்ப் பட்டியல்.

கணிதத்தில் இந்தத் தளத்தின் மதிப்பை ஒரே கட்டுரையால் காட்டிவிடலாம். 2002 நவம்பர் 11 அன்று கிரிகோரி பெரெல்மான் என்னும் ரஷ்யக் கணிதவியலாளர் 39 பக்கக் கட்டுரை ஒன்றை ஏற்றினார். தலைப்பில் ரிச்சி பாய்வு என்னும் வடிவவியல் முறையைப் பற்றிய பேச்சு இருந்ததே தவிர, வடிவங்களின் கணிதத்தில் நூறாண்டுகளாகத் தீராதிருந்த போன்காரே அனுமானத்தின் பெயர் இல்லை. அடுத்த ஆண்டில் மேலும் இரண்டு கட்டுரைகள், அவ்வளவுதான். எந்த ஆய்விதழுக்கும் அவர் அனுப்பவில்லை. மூன்று குழுக்கள் ஆண்டுக்கணக்கில் வரிவரியாகச் சரிபார்த்து, நிறுவல் சரியே என்று 2006இல் விரிவாக எழுதின. கணிதத்தின் உயரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கத்தையும், பின்னர் 2010இல் அறிவிக்கப்பட்ட பத்து லட்சம் டாலர் பரிசையும் அவர் மறுத்தது எல்லாரும் அறிந்த கதை. நான் என் மாணவர்களுக்குக் காட்டுவது அந்தக் கட்டுரையின் முதற்பக்க அடிக்குறிப்பை. வழக்கமாக அந்த இடத்தில் நிதியளித்த அமைப்புகளின் பெயர்கள் இருக்கும். பெரெல்மான் அங்கே, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் தங்கியிருந்த 1990களின் முற்பகுதியில் சேர்த்து வைத்த சொந்தச் சேமிப்பே தன் ஆய்வுக்கு ஓரளவு துணைநின்றது என்று எழுதியிருக்கிறார். அந்தக் கட்டுரையை முழுதாகப் புரிந்துகொள்ள எனக்கு இந்தப் பிறவி போதாது. அந்த அடிக்குறிப்பு போதும், தளத்துக்கு நன்றி சொல்ல.

இன்னொன்று, 2023 மார்ச்சில் வந்த ‘தொப்பி’ ஓடு. ஒரே வடிவ ஓட்டைக் கொண்டு, எல்லையற்ற சமதளப் பரப்பை இடைவெளியின்றி நிரப்பவும் வேண்டும், ஆனால் அந்த அமைப்பு எங்கேயும் சீராகத் திரும்ப வரவும் கூடாது. அப்படி ஓர் ஓடு உண்டா என்பது பல பத்தாண்டுக் கேள்வி. பதின்மூன்று பக்கங்கள் கொண்ட அந்த வடிவத்தைக் கண்டுபிடித்த டேவிட் ஸ்மித், இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் வாழும் ஓய்வுபெற்ற அச்சுத் தொழில்நுட்பப் பணியாளர். அட்டையில் வெட்டி வைத்து அடுக்கிப் பார்த்தே அவர் அதை உணர்ந்தார். நிறுவலுக்குக் கணிதம், கணினியியல் தெரிந்த மூவர் சேர்ந்துகொண்டனர். அந்தக் கட்டுரையிலிருந்து படத்தை அச்சிட்டு, சார்ட் அட்டையில் நாற்பது ஓடுகள் வெட்டி, இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம் கொடுத்தேன். கண்ணாடிப் பிம்பம் போலச் சில ஓடுகளைத் திருப்பிப் போட வேண்டும் என்பதை நான் சொல்லாமலே கடைசி வரிசையில் இருந்த ஒருவன் கண்டுபிடித்தான். ஆய்விதழில் வெளிவரும்வரை காத்திருந்தால் அந்த வகுப்பு பட்டம் வாங்கிப் போயிருக்கும்.

இயற்பியலில் இத்தளத்தின் சிறப்பு வேறு: இங்கே எதுவும் அழிவதில்லை. திருத்திய கட்டுரையை ஏற்றினாலும் பழைய வடிவம் பக்கத்திலேயே கிடக்கும். 2011 செப்டம்பரில் இத்தாலியின் ஓபெரா குழு, ஜெனீவா அருகேயுள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து ஏறத்தாழ 730 கிலோமீட்டர் கடந்து வந்த நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள் ஒளியை விட 60 நானோநொடி முன்னதாக வந்து சேர்ந்தன என்று ஏற்றியது. ஒளியை எதுவும் முந்தாது என்ற ஐன்ஸ்டைனுக்கு உலகமே இரங்கல் எழுதிக்கொண்டிருக்க, பின்னர் சரியாக இறுக்கப்படாத ஒளியிழை இணைப்பு ஒன்றே முக்கியக் காரணம் என்று தெரிய வந்தது. இன்று அதே பக்கத்துக்குப் போனால், முதல் வடிவத்தில் அந்த 60 நானோநொடியும், 2012 ஜூலையின் கடைசி வடிவத்தில் ஒளியின் வேகத்தோடு ஒத்துப்போகும் திருத்திய அளவும், ஒரே தலைப்பின் கீழ் அடுத்தடுத்து நிற்கின்றன. அறிவியல் தன் தவறைத் தானே எப்படித் திருத்திக்கொள்கிறது என்று மேடையில் முழங்குவதை விட, அந்த இரண்டு கோப்புகளைத் திறந்து காட்டுவது மேல்.

2018 ஜூலையில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலிருந்து ஏறிய கட்டுரை, தங்கத்துக்குள் வெள்ளி நுண்துகள்களைப் பொதித்த பொருள் 236 கெல்வின் வெப்பநிலையில், அதாவது ஏறத்தாழ மைனஸ் 37 டிகிரி செல்சியசில், மின்தடை சற்றுமின்றி மின்சாரத்தைக் கடத்தும் மீக்கடத்தியாகிறது என்றது. அதுவரை கண்ட எல்லாவற்றையும் விஞ்சிய வெப்பநிலை அது. பிரையன் ஸ்கின்னர் என்னும் இளம் இயற்பியலாளர் அதிலிருந்த ஒரு வரைபடத்தை உற்றுப் பார்த்தார். வெவ்வேறு காந்தப் புலத்தில் எடுத்த இரண்டு அளவீட்டு வரிசைகளில், புள்ளிகளின் சிறு ஏற்ற இறக்கங்கள் ஒன்றன் நகலாக மற்றொன்று இருந்தன. அளவீட்டில் வரும் இந்தச் சிறு ஏற்ற இறக்கங்களை இரைச்சல் என்பார்கள், அது தற்செயலானது. இரண்டு முறை மழை பெய்தால் முற்றத்தில் துளிகள் ஒரே இடங்களில் விழுவதில்லை. இதை அவர் யார்மீதும் குற்றம் சாட்டாமல் சிறு குறிப்பாக அதே தளத்தில் ஏற்றினார். ஆசிரியர்கள் மறுஆண்டு கூடுதல் தரவுகளோடு புதிய வடிவம் ஒன்றை வெளியிட்டனர்; உலகம் அந்தக் கண்டுபிடிப்பை ஏற்கவில்லை. கட்டணச் சுவருக்குப் பின்னால் இருந்திருந்தால் அந்தப் படத்தை எத்தனை கண்கள் பார்த்திருக்கும்?

இதுவரை சொன்ன புகழெல்லாம் மருத்துவத்தின் வாசலில் தயங்கி நிற்கிறது. கணிதத்தில் தவறான நிறுவல் ஒன்று வந்தால் வாசிப்பவரின் நேரம் வீணாகும். பென்சிலும் பொறுமையும் இருந்தால் அவரே ஓட்டையைக் கண்டுபிடிக்கலாம். மருத்துவக் கட்டுரையை வீட்டு மேசையில் வைத்துச் சரிபார்க்க முடியாது, ஏனெனில் ஆதாரம் நோயாளிகளின் படுக்கையருகே இருக்கிறது. உயிரியலிலும் இதே கதைதான். 2020 ஜனவரி 31 அன்று டெல்லியிலிருந்து ஒரு குழு, புதிய கொரோனா வைரஸின் கூர்ப்புரதத்தில் எச்ஐவியோடு ஒத்த துண்டுகள் இருப்பதாகப் பயோஆர்க்கைவில் ஏற்றியது. ஒப்பிட்ட துண்டுகள் மிகக் குறுகியவை, வேறு பல உயிர்களிலும் காணப்படுபவை என்று உலகெங்குமிருந்து ஆய்வாளர்கள் சுட்டிக்காட்ட, பிப்ரவரி 2 அன்று அது திரும்பப் பெறப்பட்டது. இரண்டே நாளில் தவறு பிடிபட்டது தளத்தின் வெற்றி. ஆனால் அந்த இரண்டு நாட்களில் வாட்ஸ்அப்பில் ஏறிய சேதி இன்றுவரை இறங்கவில்லை.

எதிர்ப்பக்கத்து உதாரணம் இதனினும் வலிமையானது. டெக்ஸாமெதசோன் என்ற பழைய, மலிவான ஸ்டீராய்டு கொரோனா நோயாளிகளைக் காக்கிறது என்ற பிரிட்டனின் ரிகவரி என்னும் மருந்துச் சோதனையின் கட்டுரை, 2020 ஜூன் 22 அன்று மெட்ஆர்க்கைவில் ஏறியது. ஜூன் 27 அன்று இந்திய சுகாதார அமைச்சகம் தன் சிகிச்சை நெறிமுறையில் அம்மருந்தைச் சேர்த்தது. ஆய்விதழில் கட்டுரை வந்ததோ ஜூலை 17. இடைப்பட்ட நாட்களில் எத்தனை பேருக்கு அது பயன்பட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஆனால் அந்தக் கட்டுரையின் முடிவு ஒற்றை வரியன்று, மூன்று வரிகள். செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களிடம் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களிடம் ஐந்தில் ஒரு பங்கு. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களிடம் பயனே இல்லை, தீங்கு நேர்வதற்கான சாயலும் தெரிந்தது. செய்தித்தாள் தலைப்பில் முதல் வரி வந்தது, மூன்றாவது வரி வரவில்லை. 2021இன் இரண்டாம் அலையில் இலேசான காய்ச்சலுக்கும் ஸ்டீராய்டு விழுங்கியவர்கள் நம் தெருக்களிலேயே இருந்தார்கள். பிறகு கருப்புப் பூஞ்சை பரவியபோது, கட்டுக்கடங்காத சர்க்கரையோடு ஸ்டீராய்டின் முறையற்ற பயன்பாட்டையும் மருத்துவர்கள் காரணமாகச் சொன்னார்கள். மூன்று வரிகளும் ஓராண்டுக்கு முன்பே எவரும் படிக்கும்படி இலவசமாகக் கிடந்தன.

மெட்ஆர்க்கைவ் நடத்துவோர் இந்த ஆபத்தை அறியாதவர்களல்லர். ஆர்க்கைவை விட அங்கே நுழைவு கடினம்: அறநெறிக் குழுவின் ஒப்புதல் வேண்டும், சோதனை முன்கூட்டியே பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும், ஆய்வாளரின் சொந்த ஆதாயத் தொடர்புகளை, அதாவது ஆர்வ முரண்களை, அறிவிக்க வேண்டும், ஒற்றை நோயாளியைப் பற்றிய குறிப்புகளை ஏற்பதில்லை. இதைச் சிகிச்சைக்கு வழிகாட்டியாகக் கொள்ளாதீர், உறுதியான தகவலாகச் செய்தியில் வெளியிடாதீர் என்னும் எச்சரிக்கையும் உண்டு. என் கருத்தில் எச்சரிக்கை போதாது. உடம்புக்கு ஏதேனும் என்றதும் அந்தத் தளத்தைத் திறக்கும் பழக்கம் எனக்கும் ஒருகாலத்தில் இருந்தது. இப்போது மருத்துவர் வேலையை மருத்துவரிடம் விட்டுவிட்டேன். அந்தத் தளத்தில் நான் படிப்பது புள்ளியியல் வகுப்புக்கான பயிற்சிக் கணக்குகளுக்காக மட்டுமே.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஆர்க்கைவின் தேடுபொறி பெரும்பாலும் தலைப்பு, ஆசிரியர், சுருக்கம் போன்ற விவரங்களையே துழாவுகிறது. கட்டுரையின் உள்ளே புதைந்திருக்கும் ஒரு துணைத்தேற்றத்தைத் தேட வேண்டுமானால் வெளித் தேடுபொறிதான் கதி. முதன்முறை ஏற்றுபவருக்கு அத்துறையில் ஏற்கெனவே எழுதிய ஒருவரின் பரிந்துரை தேவைப்படலாம்; 2004 முதல் இருக்கும் இந்த ஏற்பாடு குப்பைகளை வடிகட்டுகிறது என்பது உண்மை, ஆனால் பெரிய நிறுவனங்களில் ஆள்பழக்கமில்லாத எங்களைப் போன்றவர்களுக்கு அது ஒரு வேலி. மாதம் இருபதாயிரத்துக்கு மேல் கட்டுரைகள் குவிகின்றன. செயற்கை நுண்ணறிவுப் பிரிவின் பட்டியலைத் தினமும் படிப்பது கடலலையை எண்ணுவதற்குச் சமம். எந்திரமே எழுதித் தள்ளும் நிலை வந்துவிட்டதால், கணினியியலில் தொகுப்புரைகளையும் நிலைப்பாட்டுக் கட்டுரைகளையும் வேறிடத்தில் மதிப்பீடு பெற்றபின்பே ஏற்போம் என்று 2025 அக்டோபரின் கடைசியில் ஆர்க்கைவ் அறிவித்தது. சரியான முடிவு என்பேன்.

தோற்றத்தில் இத்தளம் இன்னமும் பழைய அரசு அலுவலகம் போலத்தான் இருக்கிறது: வெள்ளைத் தாள், சிவப்புப் பட்டை, பட்டியல். எனக்கு அதில் புகார் இல்லை. விளம்பரம் இல்லாத பக்கம் இந்தக் காலத்தில் எத்தனை இருக்கிறது? 2023 டிசம்பர் முதல், பிடிஎஃப் கோப்போடு கூட, திரையின் அகலத்துக்கேற்ப மடங்கும் வலைப்பக்க வடிவிலும் புதிய கட்டுரைகளைத் தருகிறார்கள். கைபேசியில் பெரிதாக்கிச் சிறிதாக்கிக் கண் நோகப் படித்துக்கொண்டிருந்த எனக்கு அது வசதியாகத் தோன்றியது, அவ்வளவே. எங்கள் துறையில் பார்வையற்ற மாணவர் ஒருவர் படிக்கிறார். பிடிஎஃப் கோப்பில் சமன்பாடு வரும் இடமெல்லாம் அவருடைய திரைவாசிப்பான் உளறும், அல்லது மௌனமாகிவிடும். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்ட வேண்டும். வலைப்பக்க வடிவை ஒரு மாலை நூலகத்தில் அவருக்குத் திறந்து கொடுத்தேன். காதுக்கருவியில் கேட்டுக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தி, முந்தைய வரியைத் திரும்பக் கேட்டு, “சார், இதுல அடுக்குக்குறி n மைனஸ் ஒண்ணா, n பிளஸ் ஒண்ணா? மேலே வேற மாதிரி சொல்லிச்சே” என்றார். நான் எட்டிப் பார்த்தேன். கட்டுரையாளர்தான் தவறவிட்டிருந்தார்.